லான் மஞ்சளடிக்கிறது: பெயர்த்துப் புதுசு போடவா, மழை வரட்டும் என்று விடவா?

வேதாளை வாத்தியார்
அக்டோபர் 8, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் வேதாளையில் வீடு, கடல் நடந்து போகிற தூரம். வீட்டு முன்னால் 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஓய்வுப் பணம் வந்த கையோடு, என் வீட்டுக்காரம்மா ஆசைப்பட்டுப் போட்டது. இரண்டு வருடம் வந்தவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். இந்த வருடம் ஆடியிலிருந்து மஞ்சளடிக்க ஆரம்பித்தது.

இப்போது ஒரே தரை மூன்று விதமாக இருக்கிறது. கேட் பக்கம் நுனி மட்டும் கருகியிருக்கிறது. நடுவில் வெளிறிய மஞ்சள். சமையலறைச் சுவரை ஒட்டி, நாக்கு நீட்டினாற்போல மூன்றடி அகலத்துக்குச் சுத்தமாகக் காய்ந்துவிட்டது.

மகன் அமெரிக்காவில், ஒகாயோவில் இருக்கிறான். அங்கே இலையுதிர் காலமாம். "லானைச் சோதித்துப் பார்க்க இதுதான் நேரம் அப்பா, துளை போடுங்கள், விதை தூவுங்கள், உரம் வையுங்கள்" என்று பட்டியல் அனுப்பியிருக்கிறான். புல் போட்டுக் கொடுத்த நர்சரிக்காரர் மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புது ரோல் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் கிணற்றுத் தண்ணீர் விடுகிறேன். போன மாதம் மாட்டுச்சாண எருவும் போட்டேன்.

தங்கச்சிமடம் ரோல்புல்
அக்டோபர் 8, காலை 9.15

சார், நான் ரிசார்ட்டுகளுக்குப் புல் போடுகிறவன். மூன்று வருடம் ஆன கொரியன் மேடு மேடாகப் புடைத்துவிடும். வைத்துக்கொண்டு போராடுவதை விட எடுத்துவிடலாம். பஸ்பாலம் புல் போடுங்கள், உப்புத் தண்ணீரையே தாங்கும்.

தேவிப்பட்டினம் 72
அக்டோபர் 8, காலை 9.40

கடற்கரை மணலில் தானாக முளைக்கிற ராவணன் மீசையும் அடம்பங்கொடியும் அதைவிட நன்றாகத் தாங்கும், தம்பி. காசும் கிடையாது. என்ன, வாத்தியார் வீட்டு அம்மா செருப்பில்லாமல் நடக்க முடியாது.

கீழக்கரைத் தோட்டக்காரி
அக்டோபர் 8, பகல் 12.05

பார்க்காமலேயே பெயர்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? நாலு வருடமாக நானும் இதே உப்புக்காற்றில் லான் வைத்திருக்கிறேன். வாத்தியார் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு லாத்தா), முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மஞ்சளான இடத்தில் ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து மேலே இழுங்கள். பாய் சுருட்டுகிற மாதிரி வந்துவிட்டால் வேர் போய்விட்டது, அடியில் புழு தின்கிறது. பிடிவாதமாக நின்றால் வேர் இருக்கிறது. வேர் இருக்கிற புல்லைப் பெயர்க்கவே கூடாது.

வேதாளை வாத்தியார்
அக்டோபர் 8, மாலை 5.30

இழுத்துப் பார்த்தேன் லாத்தா. கேட் பக்கமும் நடுவிலும் கையில் புல் அறுந்து வந்ததே தவிர வேர் வரவில்லை. நாக்குப் பகுதியில் மட்டும் லேசாக வந்தது. ஆனால் சாண எரு குவித்து வைத்திருந்த மூலையில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாக ஏழெட்டுப் புழு சுருண்டு கிடக்கிறது. இதுதான் வேரைத் தின்கிறதோ? மருந்து அடித்துவிடவா?

உவர்மண்
அக்டோபர் 8, இரவு 8.20

வேளாண் துறையில் முப்பது வருடம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மருந்து பாட்டிலை உள்ளே வையுங்கள் ஐயா.

எருக்குழியில் அந்தத் தடிமனில் கிடப்பது தென்னையைக் குடைகிற காண்டாமிருக வண்டின் புழு. மக்கின சாணம், மக்கின மட்டை, அதுதான் அதற்குச் சாப்பாடு. பச்சை வேரைத் தேடிப் போகாது. தென்னை இருந்தால் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். புல்வேரைத் தின்கிற வேர்ப்புழு வேறு, அதைவிடச் சிறியது. அதைப் பார்க்க, புல்தரையில் ஓரடிக்கு ஓரடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டி, மூடியைத் திறப்பது போல மடக்கிப் பாருங்கள். ஒரு சதுர அடியில் ஐந்துக்குள் இருந்தால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் பதிவில் எனக்குப் பிடித்தது மூன்று விதம் என்று பிரித்து எழுதியதுதான். பாதிப் பேர் "லான் செத்துப்போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மூன்று நிறம் என்றால் மூன்று காரணம் இருக்கலாம்.

கேட் எந்தத் திசை? தெற்கோ மேற்கோ பார்த்திருந்தால், கச்சான் காற்று மூன்று மாதம் அள்ளிக்கொண்டு வந்த உப்புச்சாரல் அது. நுனி மட்டும் கருகும், அடித்தண்டு பச்சையாக இருக்கும். நடுப்பகுதியில், முதலில் மஞ்சளானது அடியில் இருக்கிற பழைய இலையா, நுனியில் இருக்கிற புது இலையா? பழைய இலை என்றால் தழைச்சத்துப் பசி. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. நம் கரையோர மண்ணில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் காரத்தன்மை கூடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது.

மூன்றாவது, அந்த நாக்கு. நாக்கு வடிவம் தானாக வராது. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

தூரத்து மகன்
அக்டோபர் 9, காலை 4.10

அந்தப் பட்டியல் அனுப்பிய குற்றவாளி நான்தான். அப்பா இங்கே எழுதியிருப்பதாக அம்மா சொன்னார்.

இங்கே இருப்பவை குளிர்காலப் புல் வகைகள், புளூகிராஸ், ஃபெஸ்க்யூ மாதிரி. கோடையில் வாடிப்போய், பகல் வெப்பம் 15 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் நடுவில் வரும்போது மறுபடி வளரும். அதனால்தான் இங்கே எல்லோரும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து லானை ஆராய்ந்து துளை போட்டு விதை தூவுகிறார்கள். பனி விழுவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிட்டேன்.

உவர்மண்
அக்டோபர் 9, காலை 7.30

தம்பி, பட்டியலில் தப்பில்லை, காலண்டர்தான் தப்பு. கொரியன், அருகு, பஸ்பாலம் எல்லாம் வெயில் காலப் புல். 27 டிகிரிக்கு மேல்தான் அதற்குக் கொண்டாட்டம். ராமநாதபுரம் கரையில் குளிரினால் புல் தூங்குவதே கிடையாது. தண்ணீர் இல்லாமலும் உப்பு ஏறியும் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை அரை மயக்கத்தில் கிடக்கும். ஐப்பசியில் விழித்துக்கொள்ளும். உங்கள் ஊரில் இலை உதிர்கிற மாதம்தான் எங்களுக்குத் துளிர்க்கிற மாதம்.

ஆகவே இப்போது செய்வது சோதனை மட்டும். தீர்ப்பு கார்த்திகையில். விதைக்கு வேலையே இல்லை. கொரியனை வேரோடு வெட்டிய கட்டையாகவும் தகடாகவும்தான் நடுவார்கள்.

கீழக்கரைத் தோட்டக்காரி
அக்டோபர் 9, காலை 10.00

சமையலறைச் சுவர் என்று படித்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். காக்கா, வீட்டில் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்ஓ மெஷின் இருக்கிறதா? வேஸ்ட் தண்ணீர் டியூப் எங்கே போகிறது?

வேதாளை வாத்தியார்
அக்டோபர் 9, காலை 11.20

லாத்தா, நீங்கள் போலீஸில் இருந்திருக்க வேண்டும்.

சென்ற தைப் பொங்கல் சமயத்தில் மெஷின் வைத்தோம். வீணாகிற தண்ணீரைப் பார்க்க மனசு வராமல், சுவரில் ஓட்டை போட்டு டியூபைப் புல்தரைப் பக்கம் நான்தான் விட்டேன். நல்ல காரியம் என்று நினைத்துச் செய்தது.

உவர்மண்
அக்டோபர் 9, பகல் 1.45

சரி, அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். மெஷின் வைத்தவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் இருக்கும். கிணற்றுத் தண்ணீரையும் டியூப் தண்ணீரையும் தனித்தனியாகப் பாருங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு நல்ல தண்ணீர் பிடிக்கிறீர்கள், எவ்வளவு வெளியே போகிறது என்றும் ஒரு வாளி வைத்துப் பாருங்கள்.

கூடவே இன்னொன்று. பழைய கத்தியால் நடுப்பகுதியில் ஒரு துண்டை கேக் வெட்டுவது போல ஆறு அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். புல்லின் மேல்முகத்தைப் பார்த்து அதன் ஆரோக்கியத்தைச் சொல்லவே முடியாது.

வேதாளை வாத்தியார்
அக்டோபர் 11, காலை 7.05

நேற்று முழுவதும் இதே வேலை. வீட்டுக்காரம்மா சிரிக்கிறார்.

கிணறு: 1,420. டியூப்: 2,100. நாளைக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கிறோம், 40 லிட்டர் வெளியே போகிறது.

வெட்டிய துண்டு: மேலே ஒரு அங்குலத்துக்குத் தேங்காய் நார் மாதிரி பழுப்பு மெத்தை. அதற்குக் கீழே இரண்டு அங்குலம் செம்மண். அதற்குக் கீழே எங்கள் ஊர் வெள்ளை மணல். ஆச்சரியம் என்னவென்றால், வேரெல்லாம் செம்மண்ணோடு நின்றுவிட்டது. கோடு போட்ட மாதிரி. மணலுக்குள் நாலைந்து நூல்தான் இறங்கியிருக்கிறது. கேட் தெற்குப் பார்த்தது. நடுவில் அடி இலைகள்தான் மஞ்சள், நுனித் தளிர் பச்சை. மூடி மடக்கிப் பார்த்ததில் சதுர அடிக்கு இரண்டு சிறிய புழு.

தூரத்து மகன்
அக்டோபர் 11, காலை 8.30

அப்பா, கணக்குப் போட்டேன். 2,100 என்றால் லிட்டருக்கு 2.1 கிராம் உப்பு. 40 லிட்டருக்கு 84 கிராம். மாதத்துக்கு இரண்டரைக் கிலோ உப்பு, அதே மூன்றடி இடத்தில். பொங்கலிலிருந்து இப்போது ஒன்பது மாதம்.

தேவிப்பட்டினம் 72
அக்டோபர் 11, காலை 8.50

இருபது கிலோவுக்கு மேல்! வாத்தியார் உப்பளம் வைத்திருக்கிறார், லைசென்ஸ் இருக்கிறதா?

உவர்மண்
அக்டோபர் 11, மாலை 6.40

நாக்கின் கதை முடிந்தது. அந்த டியூபை இன்றைக்கே எடுத்துக் கழிவறைத் தொட்டிக்கு விடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் 1,420 என்பது நல்ல தண்ணீரும் இல்லை, விஷமும் இல்லை. பாசனக் கணக்கில் உப்பை மின்கடத்துத்திறனாகத்தான் அளப்பார்கள், அது 3-ஐத் தாண்டினால்தான் கடுமை. உங்களுடையது மீட்டரைப் பொறுத்து இரண்டுக்குச் சற்று மேலேயோ மூன்றுக்குச் சற்றுக் கீழேயோ வரும். (சில மீட்டர் அந்தக் கடத்துத்திறனை 500-ஆல் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டும், சிலது 640, சிலது 700. அதனால் இரண்டு வீட்டு மீட்டரை ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.) கொரியன் இதைத் தாங்கும். ஆனால் விடுகிற விதம் தப்பு. நான்கு மூலையிலும் நாலு தூக்குச்சட்டி வைத்து உங்கள் பத்து நிமிடத்தை அளந்து பாருங்கள், மூன்று நாலு மில்லிமீட்டர்தான் நிற்கும். அது மேல் அங்குலத்தை நனைக்கும், வெயிலில் ஆவியாகும், உப்பை மட்டும் மேலேயே விட்டுவிட்டுப் போகும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 12, 15 மில்லிமீட்டர் விடுங்கள். உப்பும் கீழே இறங்கும், வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கும்.

இறங்கவிடாமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலச் செம்மண். மணல் மேல் செம்மண்ணைக் கலக்காமல் பரப்பினால், செம்மண் முழுக்க ஊறி வழிகிற வரை தண்ணீர் மணலுக்குள் இறங்காது. ஈரம் மேலேயே நிற்பதால் வேரும் சொகுசாக மேலேயே உட்கார்ந்துவிடும். போட்டுக் கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், மாவட்டம் முழுக்க இப்படித்தான் போடுகிறார்கள். மழை பெய்து மண் இளகியதும் கம்பியாலோ முள்கரண்டி மண்வெட்டியாலோ நாலு அங்குலத்துக்கு ஒரு துளை, மணல் வரை போகும்படி போட்டு, ஆற்று மணலைக் கூட்டித் தள்ளுங்கள். மகன் சொன்ன துளை இதுதான், இடம் மட்டும் மாறுகிறது.

நார் மெத்தை ஒரு அங்குலம் அதிகம். அரை அங்குலம் வரை நல்லது, அதற்கு மேல் போனால் தண்ணீரையும் உரத்தையும் அதுவே குடித்துவிடும். அதைச் சீவுவதும் மழைக்குப் பிறகுதான். மயக்கத்தில் இருக்கிற புல்லை இப்போது சீவினால் எழுந்திருக்காது.

தங்கச்சிமடம் ரோல்புல்
அக்டோபர் 11, இரவு 9.10

ஐயா, ஜிப்சம் போடலாமா? நான் உப்பு இடங்களில் எல்லாம் ஜிப்சம்தான் போடுகிறேன்.

உவர்மண்
அக்டோபர் 12, காலை 6.55

நல்ல கேள்வி தம்பி, இதில்தான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். உவர் வேறு, களர் வேறு. களர் மண்ணில் சோடியம் மண் துகளைப் பிடித்து மண்ணை இறுக்கும், அங்கே ஜிப்சம் வேலை செய்யும். வாத்தியார் வீட்டில் இருப்பது மணலில் கரைந்த உப்பு. கரைந்த உப்புக்கு மருந்து தண்ணீர்தான். ஓரடி ஆழ மண் வழியாக அரையடித் தண்ணீர் இறங்கினால் பாதி உப்பு போகும், ஓரடித் தண்ணீர் இறங்கினால் ஐந்தில் நாலு பங்கு போகும். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். நம் மாவட்டத்து வருட மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான். வானம் இலவசமாகச் செய்கிற வேலைக்கு மூட்டைக் கணக்கில் ஜிப்சம் எதற்கு?

களரா என்று தெரிய மண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நல்ல இடத்து மண்ணையும் கெட்ட இடத்து மண்ணையும் கலக்காமல், நாலு அங்குல ஆழத்தில் பல இடத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தனிப் பையில் கொண்டு போங்கள்.

தங்கச்சிமடம் ரோல்புல்
அக்டோபர் 12, காலை 7.20

சரிங்க ஐயா. வாத்தியார் சார், பெயர்க்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

வேதாளை வாத்தியார்
நவம்பர் 16, காலை 8.00

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நாலு நல்ல மழை. இரண்டாவது மழையில் லானில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, செம்மண் விஷயம் அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மழை விட்ட மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துளை போட்டேன், கை காய்த்துவிட்டது. கடைசி மழையில் அரை மணி நேரத்தில் வடிந்துவிட்டது.

கேட் பக்கம் முழுப் பச்சை. நான் ஒன்றும் செய்யவில்லை, மழை கழுவிவிட்டது. நடுவும் தேறுகிறது. ஆனால் மூன்று நாளாகக் காலையில் பத்துப் பதினைந்து கொக்கும் மைனாவும் வந்து கொத்துகின்றன. நல்லதா கெட்டதா?

கீழக்கரைத் தோட்டக்காரி
நவம்பர் 16, காலை 9.25

அடியில் பந்தி நடக்கிறது காக்கா. மழைக்குப் பிறகு படைப்புழு வரும், ராத்திரியில் மேயும். நாலு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் விளக்குகிற திரவ சோப் இரண்டு ஸ்பூன் கலந்து, ஒரு சதுர மீட்டரில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். இருந்தால் நெளிந்துகொண்டு மேலே வரும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் இருபத்தைந்து வந்தது, பிள்ளைகள் அலறிவிட்டார்கள்.

வேதாளை வாத்தியார்
நவம்பர் 17, காலை 7.40

மூன்று புழுவும் ஒரு மண்புழுவும் வந்தன. மண்புழு வந்ததில் எனக்கு ஏனோ சந்தோஷம்.

உவர்மண்
நவம்பர் 17, காலை 8.15

மூன்றுக்குக் கொக்கே போதும். பறவை இருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள்.

தழைச்சத்துப் பசிக்கு இப்போது உரம் வைக்கலாம். 600 சதுர அடிக்கு யூரியா 600 கிராம், அதையும் இரண்டாகப் பிரித்து இருபது நாள் இடைவெளியில். அடைமழைக்கு முன்னால் போட்டால் மணலில் நேராகக் கிணற்றுக்குப் போய்விடும், மேகத்தைப் பார்த்துப் போடுங்கள். புல் உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். அப்புறம், தண்ணீர் நின்ற இடத்தில் கோரை கிளம்பும். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருக்கும். ஈரத்தில் கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

வேதாளை வாத்தியார்
டிசம்பர் 19, மாலை 4.30

மண் பரிசோதனையில் களர் இல்லை என்று வந்துவிட்டது. நாக்குப் பகுதியில் இரண்டு பக்கத்திலிருந்தும் கொடி ஓடி நாலு விரல் அகலம் மூடிவிட்டது. கத்தியால் மறுபடி ஒரு துண்டு வெட்டினேன். மணலுக்குள் மூன்று அங்குலம் வெள்ளை வேர்! வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேர் இருக்கட்டும், டியூபுக்கு ஓட்டை போட்ட சுவரைப் பூசுங்கள்" என்றார்.

ஒரே ஒரு பயம். முந்தாநாள் புல் வெட்டினேன், இன்றைக்கு நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. உப்பு திரும்ப வந்துவிட்டதா? இப்போது வாடைக்காற்றுதானே, தெற்கிலிருந்து ஒன்றும் வரவில்லையே?

உவர்மண்
டிசம்பர் 19, மாலை 6.00

ஒரு இலையைக் கிள்ளிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நுனி ஒரே கோடாக வெட்டுப்பட்டிருக்கிறதா, நார் நாராகக் கிழிந்திருக்கிறதா?

வேதாளை வாத்தியார்
டிசம்பர் 19, மாலை 6.35

பிய்த்துப் போட்ட வாழைநார் மாதிரி இருக்கிறது.

உவர்மண்
டிசம்பர் 19, மாலை 6.40

பிளேடு மழுங்கிவிட்டது. சாணை பிடியுங்கள். அடுத்த முறை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

வேதாளை வாத்தியார்
டிசம்பர் 19, மாலை 6.50

அப்பாடா. உச்சிப்புளி, ராமநாதபுரம் பக்கத்தில் மெஷின் பிளேடு சாணை பிடிக்கிறவர் யாராவது உண்டா?

தேவிப்பட்டினம் 72
டிசம்பர் 19, இரவு 7.05

சாணை எதற்கு வாத்தியாரே? என்னிடம் இரண்டு ஆடு இருக்கிறது. பல் நல்ல கூர்மை.